இது கை நனைத்ததாகாது

நவம்பர் 3, திங்கள்

எஸ்தர் டீச்சருக்கு, முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாற்பத்தொரு வருடம் புரோட்டா மாவு பிசைந்த விரல்கள், பேனாவையும் மாவு மாதிரியே அமுக்குகின்றன. அமுக்குகிற அமுக்கில் தாளின் பின்பக்கமும் எழுத்து புடைத்துக்கொண்டு வருகிறது. அதனால் ஒரு பக்கம் மட்டும் எழுதுகிறேன். வரிகள் மேடு ஏறிப் பள்ளம் இறங்குகின்றன. இந்த ஊரும் அப்படித்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"தினமும் ஒரு வரியாவது எழுதுங்க ராவுத்தரய்யா, வந்ததும் திருத்தித் தர்றேன்" என்றீர்கள். எழுபது வயதில் எழுதக் கற்றவனுக்கு நிறுத்தத்தான் தெரியவில்லை. விமானத்தில் முன்னால் இருந்த ஒரு காகிதப் பையில் சீனி ராவுத்தர், உத்தமபாளையம் என்று அழகாக எழுதினேன். பக்கத்து சீட்டுக்காரர் அது வாந்தி எடுக்கிற பை என்றார்.

மகளைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும்தான் உங்களிடம் சொன்னேன். முழுதும் சொல்லவில்லை. என் ஒரே மகள் சம்சாத், மொராக்கோவில் ஃபெஸ் என்ற இந்த ஊரில், காருக்கு ஒயர் செய்யும் கம்பெனியில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். வயது முப்பத்தெட்டு. இரண்டாம் நிக்காஹுக்கு ஆள் பார்த்துவிட்டேன் என்று போனில் சொன்னாள். பெயர் இத்ரீஸ், இந்த ஊர்க்காரன். என்ன வேலை என்று கேட்டேன். பழைய சந்தையில் ரொட்டி சுடும் கடை என்றாள். போனை வைத்துவிட்டேன்.

முதல் மாப்பிள்ளையைப் பார்த்தது நான். ஆபீஸ் வேலை, இஸ்திரி போட்ட சட்டை. அடுப்பு முன்னால் நிற்காத ஆள் என்பதற்காகவே கட்டிவைத்தேன். இரண்டு வருடத்தில் தலாக் வாங்கி வீட்டுக்கு வந்தாள். அதை எழுதுகிற அளவுக்கு எனக்கு இன்னும் எழுத்து வரவில்லை.

இப்போது டிக்கெட் அனுப்பி வரவழைத்திருக்கிறாள். "பத்து நாள் இருங்கத்தா. ஆளைப் பாருங்க. அப்புறமும் வேணாம்னு சொன்னீங்கன்னா நான் விட்டுர்றேன்" என்றாள். சொன்னால் செய்வாள். அதுதான் எனக்குக் கஷ்டம். நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

சந்தைக்குப் போனோம். நம் ஊரில் சந்தை என்றால் வெட்டவெளி, நாலு பக்கமும் வழி. இங்கே சந்துக்குள் சந்து, அதற்குள் இன்னொரு சந்து. சந்துக்குள் இருப்பதால்தான் சந்தை என்று பெயரோ என்னவோ. எதிரில் ஒரு குண்டு ஆள் வந்தால் நாம் செருப்புக் கடைக்குள் ஏறி நிற்க வேண்டும். ஏறி நின்றால் செருப்புக் கடைக்காரன் விடமாட்டேன் என்கிறான்.

பின்னாலிருந்து "பாலாக், பாலாக்" என்று சத்தம். பால்காரன் போலிருக்கிறது, பாலை எப்படிக் கொண்டுவருகிறான் பார்ப்போம் என்று திரும்பி நின்றேன். கோவேறு கழுதை. அதன் முதுகில் இரண்டு பக்கமும் கேஸ் சிலிண்டர். ஒன்று என் இடுப்பில் இடித்தது. பாலாக் என்றால் வழிவிடு என்று அர்த்தமாம். சம்சாத் இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

போர்டுகளால் வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. சின்ன வயதில் மதரஸாவில் ஓதப் படித்தவன் நான். அர்த்தம் தெரியாது, ஆனால் அரபி எழுத்தைப் பார்த்து வாய்விட்டு ஓதுவேன். இந்த ஊர் போர்டையெல்லாம் தடதடவென்று படித்துவிடலாம் என்று ஆசையாக வந்தேன். ஒரு போர்டிலும் ஜபர் இல்லை, ஜேர் இல்லை, பேஷ் இல்லை. மேலேயும் கீழேயும் ஒரு கோடும் போடாமல் மொட்டை எழுத்தாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம் தமிழில் காலையும் கொம்பையும் புள்ளியையும் எடுத்துவிட்டு 'பரடட' என்று எழுதி வைத்தால் அதை புரோட்டா என்று படிப்பதா, பரட்டை என்று படிப்பதா? நீங்கள் எனக்கு ஒவ்வொரு கொம்புக்கும் கை வலிக்க வலிக்க எழுதவைத்தது எவ்வளவு நல்லது என்று இங்கே வந்துதான் தெரிகிறது.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனதும் "ஜைத்தூன், ஜைத்தூன்" என்று ஒருவர் கூவினார். நின்றுவிட்டேன். அது என் வீட்டுக்காரி பெயர். அவள் மௌத்தாகி மூன்று வருடம் ஆகிறது. பார்த்தால் ஏதோ காயை மலை மலையாகக் குவித்து வைத்திருக்கிறார். பச்சை, கறுப்பு, ஊதா.

"ஆலிவ் காய்த்தா. அரபியில அதுக்கு அதுதான் பேரு" என்றாள் சம்சாத்.

நான் வீட்டுக்குள்ளேயே சத்தமாகக் கூப்பிடாத பெயர். அதைத் தொண்டை கிழியக் கூவுகிறார்கள். கடைக்காரர் ஒரு காயை என் கையில் வைத்தார். கசந்தது. அவள் அப்படி இல்லை.

ஆலிவ் கடைக்கு நேர் எதிரே அந்த ரொட்டிக் கடை. இரண்டு ஆள் நிற்கிற இடம்தான். இத்ரீஸுக்கு நாற்பத்து நாலு வயது, தாடியில் பாதி வெள்ளை. பக்கத்தில் அவன் அம்மா ராபியா உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அவன் சலாம் சொல்லி நெஞ்சில் கை வைத்தான். ரொட்டியை மடித்து ஒரு தட்டில் வைத்து, சின்ன கிளாசில் புதினா டீ ஊற்றி, என் பக்கம் நகர்த்தி "பிஸ்மில்லாஹ்" என்றான். சாப்பிடுங்கள் என்பதற்கு இங்கே அதுதான் பேச்சு.

எங்களில் சம்பந்தம் பேசப் போன இடத்தில், முடிவாவதற்கு முன் கை நனைக்க மாட்டோம். ஒரு வாய் தின்றாலும், ஒரு மடக்குக் குடித்தாலும் சரி என்று ஆகிவிடும். உங்கள் பக்கமும் அப்படித்தான் இருக்கும். நான் நெஞ்சில் கை வைத்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். போதும், வயிறு நிறைந்தது என்பதற்கு இங்கே அது. அவன் மறுபடி பிஸ்மில்லாஹ் என்றான். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ராபியாம்மாவும் பிஸ்மில்லாஹ் என்றார். இப்படியே ஐந்து நிமிடம். தொண்டை வறண்டு கிடந்தது எனக்கு.

"டீயாவது குடிங்கத்தா" என்றாள் சம்சாத்.

"கை நனைக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும்."

"இது சந்தைத்தா, வீடா?"

"அடுப்பு இருக்குல்ல."

நவம்பர் 5, புதன்

இன்றும் சந்தை. ஆலிவ் கடைக்காரர் தன் கடையில் எனக்கு ஒரு பலகை போட்டுக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால் ரொட்டிக் கடை முழுதும் தெரிகிறது. தெரிவதால்தான் கஷ்டம்.

இவர்கள் ரொட்டிக்கு முஸம்மன் என்று பெயர். மைதாவில் ரவை கலக்கிறார்கள். எண்ணெய் தடவிக் கையாலேயே பரத்துகிறார்கள், வீசுவது கிடையாது. பரத்தியதைச் சுருட்டாமல், தபால் கவர் மடிக்கிற மாதிரி நாலு பக்கமும் மடித்துக் கல்லில் போடுகிறார்கள். சதுரமாக ஒரு புரோட்டா. வெந்ததை அடுக்கிவைத்து இரண்டு பக்கமும் தட்டி உதிர்ப்பதும் இல்லை. நாள் முழுதும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது என்ன பாடு என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

பையனுக்கு வியாபாரமும் தெரியவில்லை. வரிசையில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். கல்லில் ஆறு ரொட்டி வெந்து கிடக்கிறது. சம்சாத் வந்து நின்றதும், அந்த ஆறையும் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கல்லைத் துடைத்து, புதிதாக ஒன்று பரத்தி அவளுக்குப் போடுகிறான். வரிசை கத்துகிறது. அவன் காதில் வாங்கவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லாமல் நின்று சூடாகத் தின்கிறாள். தினமும் இப்படித்தானாம்.

"ஆறு ரொட்டி வெந்து கெடக்கையில ஏம்மா தனியா ஒண்ணு?" என்று கேட்டேன்.

"எனக்குச் சூடா வேணும்னு நெனைக்கிறாரு."

"எட்டு பேரு நிக்கிறாங்க."

"அவங்க நிப்பாங்கத்தா."

கடை நடத்துகிற ஆள் இப்படிச் செய்யக் கூடாது. எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

சம்சாத்தின் லீவு முடிந்துவிட்டது. வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, டாக்சியில் ஏற்றிவிடு, ஆலிவ் கடைக்குப் போகிறேன் என்றேன். "ஆலிவ் கடைக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

போய் உட்காரவில்லை, ராபியாம்மா தட்டோடு வந்துவிட்டார். பிஸ்மில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், மறுபடி பிஸ்மில்லாஹ். அவர் முகம் வாடிவிட்டது. தாங்க முடியாமல் "நோன்பு" என்று வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டேன். வியாழக்கிழமை நோன்பு வைப்பது நல்லதுதான், அவர் உடனே நம்பினார். என் கையைப் பிடித்து துஆ செய்தார்.

பொய் சொன்ன பிறகுதான் யோசித்தேன். நோன்பைச் சொல்லி ஏமாற்றிய பாவம் எனக்கு எதற்கு? காலையில் டீகூடக் குடிக்காமல் வந்திருந்தேன். லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் நோன்பு வைக்கிறேன் என்று மனதில் நிய்யத்து வைத்தால் செல்லும். வேறு வழியில்லாமல் நிஜமாகவே நோன்பு வைத்துவிட்டேன். பிறகு மாலை வரை நாலடி தூரத்தில் ரொட்டி வாசனை.

அதோடு விடவில்லை. மாலையில் நான் கிளம்பும்போது இத்ரீஸ் ஓடிவந்து ஒரு தூக்குப் போணியில் கஞ்சியும் பேரீச்சம்பழமும் கொடுத்தான். நோன்பு திறக்கவாம். நம் நோன்புக் கஞ்சி மாதிரி இல்லை, தக்காளியும் கடலையும் போட்டது. டாக்சிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் என் எதிரிலேயே குடித்தார்.

நவம்பர் 7, வெள்ளி

ஜும்ஆ. சந்தை மூடல். எழுத ஒன்றும் இல்லை. நாள் நீளமாக இருந்தது.

நவம்பர் 8, சனி

டீச்சர், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

சம்சாத்துக்கு அரை நாள் வேலை. இரண்டு மணிக்குச் சந்தைக்கே வந்துவிடுகிறேன் என்றாள். நான் பத்து மணிக்கே ஆலிவ் கடையில் இருந்தேன். ராபியாம்மா வரவில்லை. தோள் பிடித்துக்கொண்டது என்று இத்ரீஸ் சைகையில் காட்டினான். உருண்டை பிடிப்பது, பரத்துவது, மடிப்பது, சுடுவது, காகிதத்தில் சுற்றுவது, காசு வாங்குவது எல்லாம் அவன் ஒருவனே. சனிக்கிழமைக் கூட்டம். வரிசை வளைந்து என் முழங்கால் வரை வந்துவிட்டது. பின்னால் ஒரு கழுதை வேறு நின்றுகொண்டு என் தோளில் மூச்சு விட்டது.

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்துதான் இருந்தேன். கருகல் வாசனை வந்தது. கருகல் வாசனை வந்தால் என் கால் என்னைக் கேட்காது. குறுக்கே போய் "தள்ளுப்பா" என்று தமிழில் சொல்லி அவனை முழங்கையால் ஒதுக்கி, கருகியதை எடுத்துப் போட்டுவிட்டு மாவில் கை வைத்தேன்.

ரவை மாவு வீச வரவில்லை. முதல் உருண்டை கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. வரிசையில் ஒருவன் சிரித்தான். மூன்றாவதுக்கு எண்ணெயைக் கூட்டி, விரலால் ஓரத்தை இழுத்துவிட்டு வீசினேன். பறந்தது. கொடியில் காயும் துணி மாதிரி விரிந்து மேடையில் விழுந்தது. சுருட்டினேன், வட்டமாகத் தட்டினேன், கல்லில் போட்டேன். பத்து வெந்ததும் அடுக்கிவைத்து இரண்டு பக்கமும் சேர்த்து அடித்தேன். பொலபொலவென்று உதிர்ந்தது. சிரித்தவன் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினான். நான் எதற்குக் கை நீட்டுகிறேனோ அதை இத்ரீஸ் என் கையில் வைத்தான். எண்ணெய்க்கு நீட்டினால் எண்ணெய், கரண்டிக்கு நீட்டினால் கரண்டி. இப்படி ஒரு கையாள் எனக்கு நாற்பத்தொரு வருடத்தில் வாய்த்ததில்லை. அது வேறு விஷயம்.

வரிசை தீரும்போது சம்சாத் எதிரே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"அத்தா, வாயில என்ன?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "உப்புப் பாத்தேன்" என்றேன்.

அவள் இத்ரீஸிடம் ஏதோ கேட்டாள். அவன் நாலு விரலைக் காட்டினான்.

"நாலாவது புரோட்டாவாம்."

"ரவை கலந்த மாவு. ஒவ்வொண்ணுக்கும் உப்பு மாறுது."

"டீ கிளாசும் காலியா இருக்கு."

"கல்லு முன்னாடி எம்புட்டு அனல் தெரியுமா உனக்கு?"

அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று கண்ணாடி போடாமல் எனக்குத் தெரியவில்லை.

மாஸ்டர் உப்புப் பார்ப்பது தொழில். அடுப்பு முன்னால் நிற்கிறவன் தண்ணீர் குடிப்பதும் தொழில். விருந்தாளியாக உட்கார்ந்து தின்றால்தான் கை நனைத்தது. நின்றுகொண்டு தின்றால் இது கை நனைத்ததாகாது. டாக்சியில் வரும்போது இதை நாலு தடவை விளக்கினேன். அவள் ஒவ்வொரு தடவையும் "சரித்தா" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். "மொத வருசம் இங்க எதுவும் இறங்கலை எனக்கு. ஒரு நாள் வழி தெரியாம அந்தச் சந்துல மாட்டிக்கிட்டேன். உங்க கடை வாசனை வந்துச்சு. வாசனையப் புடிச்சுக்கிட்டே போனா இவரு கடை. தெனமும் போனேன். ஒரு மாசம் கழிச்சு அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"மடிப்பு பத்தலைன்னு."

"அது நெசந்தான்."

"அவரு கோவிக்கலை. எங்க ஊர்ல எப்படிப் போடுவாங்கன்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியலை. எங்க அத்தாவுக்குத்தான் தெரியும்னேன். அப்ப இருந்து உங்களைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு."

நவம்பர் 9, ஞாயிறு

தோள் வலி, இடுப்பு வலி. படுத்துக்கொண்டே எழுதுகிறேன், அதனால் எழுத்து இன்னும் மோசம்.

அடுப்பு முன்னால் நிற்கிறவனுக்குப் பெண் கொடுத்தால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வேண்டாம் என்றேன். ஜைத்தூன் தினமும் மதியம் கடைக்கு வருவாள். பின்பக்கம் சாக்கு மூட்டை மேல் உட்காருவாள். ஆறிப்போனது, ஓரம் கிழிந்தது, விற்காதது, இதைத்தான் இலையில் வைத்துக் கொடுப்பேன். குறை சொல்ல மாட்டாள். நாற்பது வருடத்தில் அவளுக்கென்று சூடாக ஒன்று போட்டேனா என்று காலையிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். எப்போதும் ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள்.

அவர்கள் நின்றிருப்பார்கள்தான்.

இன்று இவ்வளவு போதும்.

நவம்பர் 10, திங்கள்

காலையில் சம்சாத்தை ஒரு மணி நேரம் பர்மிஷன் போடச் சொல்லிச் சந்தைக்கு அழைத்துப் போனேன். நாளை மறுநாள் எனக்கு விமானம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்.

கடையில் ராபியாம்மா கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் இத்ரீஸ் முன்னால் போய் நின்று, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினேன். காலில் பச்சை நரம்பு புழு மாதிரி சுருண்டு கிடக்கும். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"நாப்பத்தொரு வருசம் நின்ன காலுன்னு சொல்லு" என்றேன்.

சொன்னாள். அவன் குனிந்து நன்றாகப் பார்த்தான். ஏதோ சொன்னான்.

"அவங்க அத்தாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சாம்."

"அப்புறம் என்னத்துக்கு நாள் பூராவும் நிக்கிறான், மடையன்?"

"அதையும் சொல்லணுமா?"

"மடையனை விட்டுட்டு மிச்சத்தைச் சொல்லு. ஒசரமா ஒரு ஸ்டூல் வாங்கணும். சுடுறப்ப அதுல உக்காந்துதான் சுடணும். முடியாதுன்னா எனக்கு இந்தப் பேச்சே வேணாம். கால் போனவனைப் பாத்துக்கிறது எவ்வளவு கஷ்டம்னு என்னைப் பாத்துக்கிட்ட உங்கம்மாவுக்குத் தெரியும். அந்த வேலை என் மகளுக்கு வேணாம்."

சம்சாத் சொல்லி முடித்ததும் அவன் கடையை ஆலிவ் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினான். தச்சர் தெரு பக்கத்தில்தானாம். கால் மணியில் ஒரு ஸ்டூலோடு வந்தான். உட்காரச் சொன்னேன். அவன் தாடி கல்லுக்கு நேராக வந்தது. தாடியைச் சுடப் போகிறாயா என்று திருப்பி அனுப்பினேன். இரண்டாவது ஸ்டூல் ஆடியது. இந்த ஊரில் ஸ்டூலையும் மூன்று தடவை பேரம் பேசித்தான் வாங்க முடியும்போல. அதற்குள் ஆலிவ் கடைக்காரர் ஒரு ரொட்டியைக் கருக்கிவிட்டார். அவரையும் ஒதுக்கிவிட்டு நான் நின்றேன்.

இதற்கிடையில் ராபியாம்மா சண்டைக்கு வந்தார். உட்கார்ந்து சுட்டால் சோம்பேறி என்று சந்தையே சிரிக்குமாம். சம்சாத் சொல்வதற்குக் காத்திருக்காமல் நான் தமிழிலேயே பதில் சொன்னேன். "சந்தையா வந்து கால்ல தைலம் தேய்க்கும்?" அவர் அரபியில் என்னவோ சொன்னார். நானும் விடவில்லை. இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் சண்டை ஒழுங்காக நடந்தது.

மூன்றாவது ஸ்டூல் சரியாக இருந்தது. அவன் உட்கார்ந்தான். முழங்கை கல்லுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் வந்தது. ஒரு ரொட்டி பரத்திப் போடச் சொன்னேன். போட்டான். பின்னால் சாயாமல், முன்னால் கவிழாமல் திருப்பினான்.

"சரியா இருக்கு" என்றேன்.

சம்சாத் என்னைப் பார்த்தாள். "சரின்னு சொல்லிரவாத்தா?"

"ஸ்டூலு சரியா இருக்குன்னு சொன்னேன்."

"அதைத்தான் சொல்லப் போறேன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் பக்கம் திரும்பி அரபியில் பேசினாள். ஸ்டூலைப் பற்றிச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது. ராபியாம்மா கட்டுப் போட்ட கையோடு எழுந்து, நாக்கைச் சுழற்றி நம் பெண்கள் குலவை போடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். பக்கத்துக் கடைகளில் இருந்தும் அதே சத்தம் வந்தது. ஆலிவ் கடைக்காரர் என் கன்னத்தில் முத்தம் வைத்தார். இத்ரீஸ் இறங்கிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. 

அவள் என்ன மொழிபெயர்த்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் திருத்தவும் இல்லை.

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாயிற்று. நிக்காஹ் வரும் திங்களுக்கு அடுத்த வியாழன். ராபியாம்மாவுக்குத் தோள் சரியாகப் பத்து நாள் ஆகுமாம், கடையில் ஆள் இல்லை. அந்தப் பையனுக்கு வீசவும் சுருட்டவும் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் எழுதுகிறேன் டீச்சர். இந்த வாரம் முழுதும் என் கை மாவாகவே இருக்கும்.